முயல்களின் கடிகாயம்: ரோமத்துக்கு அடியில் பாருங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் கறவை மாடு, வெள்ளாடு, கோழி ஆகியவற்றோடு கொட்டகை ஓரத்தில் நாலு முயல் கூண்டும் வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. சிலர் இறைச்சிக்கும் குட்டி விற்பனைக்கும் வளர்க்கிறார்கள். சிலர் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி வாங்கிவந்து வளர்க்கிறார்கள். எந்த நோக்கத்துக்காக வளர்த்தாலும், ஒரு நாள் இரண்டு முயல்களை ஒரே கூண்டில் சேர்க்க வேண்டிய சந்தர்ப்பம் வந்தே தீரும். சாதுவான பிராணிதானே என்று சேர்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். திரும்பி வந்து பார்த்தால் கூண்டு முழுவதும் ரோமம் உதிர்ந்து கிடக்கிறது. முயல்கள் இரண்டும் மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இரத்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சண்டை ஓய்ந்துவிட்டது என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

நாலாம் நாள் ஒரு முயல் தீனி எடுப்பதில்லை. தூக்கிப் பார்த்தால் முதுகில் ரோமத்துக்கு அடியில் புழு நெளிகிறது. அல்லது இரண்டு வாரம் கழித்துத் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி தொங்குகிறது. முயலின் கடிகாயத்தில் உள்ள பெரிய சங்கடம் இதுதான். காயம் பட்ட அன்று தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே சண்டை நடந்த அன்றே கையால் தடவிப் பார்ப்பதும், அதன் பிறகு இரண்டு வாரம் விடாமல் கவனிப்பதும் அவசியமாகும். அதைச் செய்வது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

முயல் ஏன் கடிக்கிறது?

நாம் கூண்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் உள்ள பகுதியாகும். அங்கே அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. நம் காடுகரைகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது.

வளையில் வாழும் கூட்டத்தில் ஒவ்வொரு முயலுக்கும் ஓர் அந்தஸ்து உண்டு. ஆண் முயல்கள் பெண்ணுக்காகச் சண்டையிடும். பெண் முயல்கள் குட்டி போடும் இடத்துக்காகச் சண்டையிடும். ஆனால் காட்டில் தோற்ற முயல் ஓடிப்போய்விடும். ஜெயித்த முயல் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு நின்றுகொள்ளும். இரண்டடிக்கு மூன்றடி கூண்டில் தோற்ற முயல் எங்கே ஓடும்? ஓட இடமில்லாததால் கடி நிற்பதில்லை. முயலின் சுபாவம் கெட்டதாகிவிடவில்லை. நாம் வைத்த இடம்தான் சண்டையைப் பெரிதாக்குகிறது.

சண்டை வரும் சமயங்கள்

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த பிறகு சில வாரங்கள் ஒரே கூண்டில் வைத்திருக்கலாம். மூன்று மாதம் நெருங்கும்போது ஆண் குட்டிகளுக்குள் கடி ஆரம்பமாகும். அதற்குள் ஆண், பெண் பார்த்துப் பிரித்து, ஆண் முயல் ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் விட்டுவிட வேண்டும். வளர்ந்த இரண்டு ஆண் முயல்களை ஒன்றாக விடவே கூடாது. அவை ஒன்றின் விதைப்பையை மற்றொன்று கடித்துக் கிழித்துவிடும். ஐந்து முதல் பத்துப் பெண் முயல்களுக்கு ஓர் ஆண் முயல் என்ற கணக்கில் வளர்க்கிறோம். அந்த ஓர் ஆண் முயல் வீணானால் பத்துக் கூண்டிலும் குட்டி நின்றுபோகும் என்பதை மறக்கக்கூடாது.

இனச்சேர்க்கைக்கு விடும்போது பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண் முயலைப் பெண்ணின் கூண்டில் விட்டால், தன் இடத்தைக் காக்கப் பெண் முயல் பாய்ந்து கடிக்கும். சேர்க்கை முடிந்ததும் ஆண் முயல் பக்கவாட்டில் சாய்ந்து விழும். உடனே பெண் முயலைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். சேர்க்கையின்போது ஆண் முயல் பெண்ணின் பிடரி ரோமத்தை வாயால் பற்றிக்கொள்ளும். ஆகையால் ஒவ்வொரு முறையும் பெண் முயலின் பிடரியைத் தடவிப் பார்ப்பது நல்லது.

சினையான பெண் முயலும், குட்டி போட்ட முயலும், பொய்ச்சினை கொண்ட முயலும் மற்ற முயலைக் கிட்டே சேர்க்காது. ஒன்றாகவே வளர்ந்த ஜோடியில் ஒன்றை மட்டும் சில நாள் வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாலும், உடல் வாடை மாறிவிடுவதால் புதியதைக் கடிப்பது போலக் கடிக்கும். மருத்துவரிடம் கொண்டுபோகும்போது ஜோடி முயலையும் சேர்த்துக் கொண்டுபோவது இதனால்தான் நல்லது.

வெளியூரிலிருந்து முயல் வாங்கி வருவோரும் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்களுக்கு அது பெயர் பெற்றது. குளிர்ந்த மலையிலிருந்து நம் சமவெளி வெயிலுக்கு வரும் முயல் களைத்துப்போயிருக்கும். எங்கிருந்து வாங்கினாலும் புது முயலை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றின் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

சண்டையை விலக்கும் முறை

காதுகள் பின்னால் படிந்து, வால் நிமிர்ந்து, ஒன்றையொன்று வட்டமிட்டால் சண்டை வரப்போகிறது என்று அறியலாம். உறுமுவதும் உண்டு. அப்போதே பிரித்துவிட வேண்டும். இரண்டும் உருண்டையாகக் கட்டிப் புரள ஆரம்பித்துவிட்டால் வெறுங்கையை நீட்டாதீர்கள். உங்கள் கையைத்தான் கடிக்கும். ஒரு பலகையையோ, துடைப்பத்தையோ, தட்டையோ நடுவில் செருகுங்கள். தடித்த சாக்கை ஒரு முயலின் மேல் போட்டு மூடித் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது தவறு.

உங்களையே கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய், பூனை அல்லது கீரி கூண்டுக்குள் வாய் வைத்து முயலைக் கடித்திருந்தால் அது வேறு விஷயம். வெறிநோய் அபாயம் உண்டு. முயலைத் தனியே வைத்து, கையுறை இல்லாமல் காயத்தைத் தொடாமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிடித்துப் பார்ப்பது எப்படி?

பிரித்த பிறகு அரை மணி நேரம் முயலை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் அமைதியாக விடுங்கள். இரத்தம் வழிந்தால் மட்டும் தாமதிக்கக்கூடாது. சுத்தமான துணியை மடித்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காது கிழிந்தால் இரத்தம் அதிகமாகத் தெரியும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். மேஜைமேல் அல்லது திண்ணைமேல் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் முயலை வையுங்கள். வழவழப்பான இடத்தில் வைத்தால் கால் வழுக்கிப் பயந்து உதைக்கும். ஒருவர் ஒரு கையால் பிடரியையும் தோளையும் அணைத்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பின்புறத்தைத் தாங்காமல் பிடித்தால், முயல் வேகமாக உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். கடிகாயம் ஆறிவிடும். முறிந்த முதுகு ஆறாது.

மற்றவர் ரோமத்தை எதிர்த்திசையில் வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். ஊதும்போது ரோமம் விலகித் தோல் தெரியும். பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தடவ வேண்டும். கண்ணைவிட விரலே இங்கே நல்ல சாட்சி. ரோமம் ஒட்டிக் கட்டியாக இருக்கும் இடம், ஈரமான இடம், சூடாக இருக்கும் இடம், சின்னப் பொருக்கு, வீக்கம், தொட்டால் முயல் சிலிர்த்துக்கொள்ளும் இடம் ஆகிய ஒவ்வொன்றும் காயத்தின் அடையாளமாகும்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

மூக்கிலிருந்து ஆரம்பித்து வால் வரை ஒரே ஒழுங்கில் பாருங்கள். ஒழுங்கு மாறினால் ஏதாவது ஓரிடம் விட்டுப்போகும்.

முதலில் மூக்கு, உதடு, கண் இமை. கண் பாதி மூடியிருந்தாலோ நீர் வடிந்தாலோ விழியில் கீறல் இருக்கலாம். அடுத்து காதின் ஓரமும் அடிப்பாகமும். அதன்பின் தாடைக்கு அடி, பிடரி, தோள். பிறகு முதுகு, விலா, இடுப்பு, வாலின் அடி. ஓடும் முயலைத் துரத்திக் கடிக்கும்போது பின்பக்கம்தான் முதலில் வாயில் அகப்படும். ஆகையால் இந்த இடங்களை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

கடைசியாக அடிப்பக்கம். முயல்கள் பின்னங்காலால் உதைத்துக்கொள்ளும்போது நகம் பட்டு வயிற்றுத் தோல் கிழிந்துவிடும். பெண் முயலுக்கு முலைக்காம்புகளையும், ஆண் முயலுக்கு விதைப்பையையும், இரண்டுக்கும் பிறப்புறுப்பையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கால் விரல்களையும் நகங்களையும் பார்த்து முடியுங்கள்.

முயலுக்கு முன்பக்கம் மேலே நாலு வெட்டுப்பல், கீழே இரண்டு வெட்டுப்பல் உண்டு. மேலே உள்ள நாலில் இரண்டு, முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு பல். கடிக்கும்போது தோலை மடித்துப் பிடிப்பதால் மடிப்பின் இரண்டு பக்கமும் பல் இறங்கும். ஆகவே ஒரு துளையைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று இருக்கலாம்.

ஜெயித்த முயலையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். அடித்தது எது, அடிபட்டது எது என்பது நம் ஊகம்தான். கூண்டின் கம்பி முனையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய கோழிக் கூண்டை முயலுக்கு மாற்றியிருந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கீறிய காயத்தைக் கடிகாயம் என்று நினைத்துவிட இடமுண்டு. கம்பிக் கீறல் நேர்க்கோடாக இருக்கும். கடி துளையாகவோ பிறை வடிவாகவோ இருக்கும்.

எந்தக் காயத்துக்கு மருத்துவர் வேண்டும்?

ரோமம் மட்டும் பிடுங்கப்பட்டுத் தோல் முழுதாக இருந்தால் மருந்து எதுவும் தேவையில்லை. மேல்தோல் கீறல், காது ஓரத்தில் சிறு கிழிசல் ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தோல் வாய் பிளந்து உள்ளே சதை தெரிந்தால் தையல் போட வேண்டியிருக்கும். ஆறேழு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் தையல் நன்றாகப் பிடிக்கும். மறுநாள் போனால் கிருமி ஏறிவிடும். கண், வயிறு, விதைப்பை, பிறப்புறுப்பு, கால் மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம் சிறியதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காது சில்லிட்டு, ஈறு வெளுத்து, முயல் துவண்டு கிடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. நல்ல நிலையில் உள்ள முயலின் உடல் உஷ்ணம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்.

ஆழமான சிறு துளைதான் எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது. அகலமான கிழிசலைக் கண்டால் பயந்து வைத்தியம் செய்கிறோம். குண்டூசி முனை அளவுள்ள துளையை அலட்சியம் செய்கிறோம். பல்லோடு உள்ளே போன கிருமி தோலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. மேலே தோல் ஒரே நாளில் மூடிக்கொள்கிறது. உள்ளே சீழ் பிடிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டிய சிகிச்சை

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள ரோமத்தை அரை அங்குல அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். முயலின் தோல் மிக மெல்லியது. ரோமத்தை இழுத்துப் பிடித்து வெட்டினால் ரோமத்தோடு தோலும் கூடாரம் போல எழும்பிக் கத்தரியில் அகப்படும். ஆகவே ரோமத்தை இழுக்காமல், கத்தரியைத் தோலுக்குப் படுக்கைவாக்கில் வைத்துச் சிறிது சிறிதாக வெட்டுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, அதில் ஒன்றரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் இந்த உப்புத் தண்ணீரை எடுத்துக் காயத்தின்மேல் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அழுக்கும் ரோமமும் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். முயலை முழுவதுமாக நனைத்துவிடக்கூடாது.

கழுவிய பின் போவிடோன் அயோடின் மருந்தை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, பால் விடாத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் மருந்தை அப்படியே ஊற்றினால் புதிதாக வளரும் சதையும் கருகும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிக் காற்றாட விடுங்கள். கட்டுப் போட வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டினால் முயல் கட்டையே கடித்துத் தின்னும். காலை, மாலை இரண்டு வேளையும், காயம் உலர்ந்து பொருக்குத் தட்டும் வரை இப்படிச் செய்துவந்தால் போதும். பொருக்கைப் பிய்க்கக்கூடாது.

போடக்கூடாத மருந்துகள்

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய கை முயலுக்கும் அதே மருந்தை எடுத்துவிடுகிறது. இங்கேதான் பல முயல்களைக் காயத்துக்கு அல்ல, வைத்தியத்துக்குப் பலி கொடுக்கிறோம்.

மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் டர்பன்டைன் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். முயலுக்கு அது ஆகாது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் கெடுதல். பினாயில், டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவையும் வேண்டாம். மஞ்சள் பொடியைக் குழைத்து அப்பினால் ரோமத்தோடு கட்டிபிடித்துத் துளையை அடைத்துவிடும். உள்ளே சீழ் வைக்கும். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் மருந்துகளில் பிப்ரோனில் என்னும் சரக்கு சேர்ந்திருந்தால் அது முயலைக் கொன்றுவிடும். மருந்துப் பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பும், ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்தும் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மனிதருக்கு வாங்கிய அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையைக் கரைத்து முயலின் வாயில் ஊற்றுவது. முயலின் பெருங்குடலை ஒட்டிய பெரிய பையில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் வாழ்கின்றன. புல்லைச் செரிக்கச் செய்வது அவைதான். இந்த மாத்திரைகள் அந்த நல்ல கிருமிகளை அழித்துவிடுகின்றன. காலியான இடத்தில் கெட்ட கிருமி பெருகி விஷத்தை உண்டாக்குகிறது. சில நாளில் கழிச்சல் கண்டு முயல் இறந்துபோகிறது. லின்கோமைசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே மாதிரிதான். முயலுக்கு ஒத்துக்கொள்ளும் கிருமிக்கொல்லி மருந்துகள் வேறு உண்டு. அவற்றை எடை பார்த்துக் கால்நடை மருத்துவரே கொடுக்க வேண்டும். இறைச்சிக்கு விற்கும் முயலானால், மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்றும் அவரிடம் கேட்டு, கூண்டின்மேல் தேதியை எழுதி வையுங்கள்.

ஈயும் எறும்பும்

உஷ்ணமான நாளில் ஈ முட்டையிட்ட ஒரே நாளுக்குள் புழு பொரித்துவிடும். மழை பெய்து ஓய்ந்து ஈ மொய்க்கும் நாட்களில் அபாயம் இன்னும் அதிகம். காயம்பட்ட முயலின் கூண்டுக்கு அடியில் புழுக்கையும் மூத்திரமும் தேங்கக்கூடாது. தினமும் அள்ளிச் சுண்ணாம்பு தூவுங்கள். கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டிவிட்டால் ஈ அண்டாது. கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இரத்த வாடைக்கு எறும்பு எங்கிருந்தாலும் வந்துவிடும்.

புழு வைத்துவிட்டதைக் கண்டால், கண்ணுக்குத் தெரியும் புழுக்களைச் சிறு இடுக்கியால் எடுத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் புழுவுக்கு ஊசி மருந்து தேவைப்படும். இதில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

தீனியும் புழுக்கையும்

காயம்பட்ட முயலின் நிலையைப் புழுக்கையே சொல்லிவிடும். வலியிலும் பயத்திலும் முயல் தீனி எடுக்காமல் உட்கார்ந்துவிடும். மாடு ஒரு நாள் தீனி எடுக்காவிட்டால் தாங்கும். முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றால் பிழைப்பது கடினம். பன்னிரண்டு மணி நேரமாகத் தீனியும் எடுக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தனிக் கூண்டில் கம்பியின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் சுத்தமான சாக்கை விரியுங்கள். வேலிமசால், முயல் மசால், அருகம்புல், கல்யாண முருங்கை இலை என்று அது பழகிய பசுந்தீனியை வாடாமல் வையுங்கள். புதுத் தீனி எதையும் இந்தச் சமயத்தில் ஆரம்பிக்கக்கூடாது. அடர்தீவனத்தைச் சில நாள் குறைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் மரவள்ளி எங்கும் இருப்பதால் அதன் பச்சை இலையை ஒடித்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதில் சயனைடு நஞ்சு இருப்பதால் நலிந்த முயலுக்குப் போடவே கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கோடையில் கூண்டின்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு உஷ்ணத்தைத் தணியுங்கள். ஆனால் காயம் நனையக்கூடாது.

முயல் தன் ஆசனவாயிலிருந்து மிருதுவான ஒருவகைப் புழுக்கையை நேரே வாயில் எடுத்துத் தின்னும். இது வியாதி அல்ல. அதன் உடலுக்கு அவசியமான சத்து. காயத்தை நக்குகிறது என்று கழுத்தில் அட்டையை வளையமாகக் கட்டினால் இது தடைப்படும். மருத்துவர் சொல்லாமல் அப்படிக் கட்ட வேண்டாம்.

சீழ்க்கட்டி

காயம் ஆறிவிட்டது போலத் தோன்றிய பின்னும் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பட்டாணி அளவு உருண்டை தட்டுப்பட்டால் அது சீழ்க்கட்டியின் ஆரம்பமாகும். மாட்டின் கட்டியைக் கீறினால் சீழ் தண்ணீராக ஒழுகிவிடும். முயலின் சீழ் அப்படியல்ல. அது வெண்ணெய் போலக் கெட்டியாக இருக்கும். தானாக வெளியே வராது. பிதுக்கினால் பை உடைந்து உள்ளேயே பரவும். ஆகவே கட்டியைப் பிதுக்கவோ, பிளேடால் கீறவோ கூடாது. சிறியதாக இருக்கும்போதே கொண்டுபோனால் மருத்துவர் பையோடு எடுத்துவிடலாம். தாடை எலும்பு வரை இறங்கிவிட்டால் தீர்ப்பது கஷ்டம்.

மறுபடி சேர்க்கலாமா?

பண்ணை முயலைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. இனச்சேர்க்கைக்குச் சில நிமிடம் போதும். மற்ற நேரம் தனிக் கூண்டுதான் ஏற்றது. செல்லமாக ஜோடி வளர்ப்பவர்கள், காயம் முழுவதும் ஆறி ரோமம் முளைத்த பிறகே அடுத்த முயற்சியைத் தொடங்க வேண்டும்.

இரண்டு கூண்டுகளையும் நாலு விரற்கடை இடைவெளியில் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விடுங்கள். கம்பி வழியாக மூக்கைக் கடிக்காத அளவு இடைவெளி அவசியம். விரித்த சாக்கை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் வாடை பழகும். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில், ஓட இடமிருக்கும்படி, பத்து நிமிடம் மட்டும் விட்டுப் பக்கத்திலேயே இருங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். பக்கத்தில் படுத்து ஒன்றையொன்று நக்க ஆரம்பித்தால் பழகிவிட்டன என்று அறியலாம். ஒவ்வொரு முறை பிரித்ததும் ரோமத்தை ஊதிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆண், பெண் ஜோடியானால் மாதம் ஒருமுறை குட்டி வந்துகொண்டிருக்கும். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்களே. குட்டி வேண்டாதவர்கள் ஆண் முயலுக்கு விதை நீக்கம் செய்துகொள்ளலாம். இதைக் கால்நடை மருத்துவரே செய்ய வேண்டும். விதை நீக்கிய பிறகும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் சக்தி இருக்கலாம்; அதுவரை தனியே வையுங்கள். மூன்று தடவை முயன்றும் கடித்துக்கொள்ளும் முயல்களைச் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே உத்தமம். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் அவை சுகமாகவே இருக்கும்.

யாரிடம் கேட்கலாம்?

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். நாமக்கல்லில் 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சுற்று வட்டார விவசாயிகள் பிராணிகளைக் கொண்டுவருகிறார்கள். சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொண்டுபோகும்போது காற்றுப் புகும் கூடையில், அடியில் சாக்கு விரித்து, காலை வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். வழித்தீனியாக ஒரு பிடி பசும்புல்லும் இருக்கட்டும்.

ஒரு சாக்கு, ஒரு கத்தரி, ஊசியில்லாத சிரிஞ்சு, உப்பு, போவிடோன் அயோடின் ஒரு புட்டி ஆகியவற்றைக் கொட்டகையில் ஒரு டப்பாவில் எப்போதும் வைத்திருங்கள். முயல் பெரும்பாலும் வலியால் கத்துவதில்லை. தன் நோவை மறைத்தே பழகிய பிராணி அது. அது சொல்லாததை நம் விரல்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சண்டை நடந்த அன்று செலவிடும் கால் மணி நேரம், பின்னால் ஒரு முயலின் உயிரைக் காப்பாற்றும்.